அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில்

(சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில், உடல்நலப் பிரிவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஆலிம் பெருமக்களே, ஐம்பது ஆண்டுகளாக இந்தச் சங்கத்தைத் தோளில் சுமந்து வந்த பெரியவர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் கைப்பேசியோடு அமர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே!

பொன்விழாக் கூட்டம் என்றால் பழம்பெருமை பேசுவதுதான் வழக்கம். அதை நம் பெரியவர்கள் நன்றாகவே பேசிவிட்டார்கள். உடல்நலப் பிரிவினரான எங்களுக்குக் கொடுக்கப்பட்டிருப்பது அரை மணி நேரம். அதற்குள் நம் பிள்ளைகளின் உடல்நலத்தைப் பற்றி உங்களோடு பேசிவிட்டு, முடிவில் ஒரு கோரிக்கையையும் வைக்கப்போகிறோம். அது நம் சங்கத்தின் மாலை நேரக் குர்ஆன் வகுப்பு தொடர்பானது. சிலருக்கு அது பிடிக்காமல் போகலாம் என்பது தெரிந்தே வைக்கிறோம்.

இங்கே அமர்ந்திருக்கும் நன்னாமார், நன்னிமார் பிள்ளை வளர்த்த காலத்தில் பயம் வேறு மாதிரி இருந்தது. தொண்டை அடைப்பான், இளம்பிள்ளை வாதம், தட்டம்மை, காசநோய் என்று வீட்டுக்கு வீடு அஞ்சினார்கள். சிங்கப்பூரில் தொண்டை அடைப்பானுக்கான தடுப்பூசி 1962இலும், தட்டம்மைக்கான தடுப்பூசி 1985இலும் சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டன. அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பயங்கள் பெரும்பாலும் நீங்கிவிட்டன. அவை ஊசியால் தடுக்கக்கூடிய நோய்கள். தாதி குத்தினார், பிள்ளை அழுதது, வேலை முடிந்தது. இன்று நம் பிள்ளைகளைத் தேடி வருகிறவை மெல்ல வருகின்றன. கண்ணில், கழுத்தில், தட்டில், தூக்கத்தில் வருகின்றன. இவற்றுக்கு ஒரே ஊசி கிடையாது.

முதலில் சின்னஞ்சிறு பிள்ளைகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். குழந்தை பிறந்ததும் மருத்துவமனையில் தரும் உடல்நலக் கையேட்டை எத்தனை பேர் திறந்து பார்க்கிறோம்? தடுப்பூசித் தேதிக்காக மட்டும் திறக்கிறோம். அதில் எடைக்கும் உயரத்துக்கும் வளைகோட்டு வரைபடங்கள் உண்டு. பத்தாம் கோடு, ஐம்பதாம் கோடு, தொண்ணூறாம் கோடு என்று இருக்கும். நம் தாய்மார்கள் பலர் அதைப் பரீட்சை மதிப்பெண்ணாக நினைத்து, ஐம்பதுக்குக் கீழே என்றால் பிள்ளை தோற்றுவிட்டதாகக் கலங்குகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை தொண்ணூறில் இருக்கிறதே என்று, தூங்கும் குழந்தையின் வாயில் பால் புட்டியைத் திணிக்கிறார்கள். பத்தாம் கோட்டிலேயே ஒழுங்காக ஏறிவரும் குழந்தை பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. ஐம்பதில் இருந்த பிள்ளை சில மாதங்களில் பத்துக்கு இறங்கினாலோ, தொண்ணூறைத் தாண்டி ஓடினாலோ மருத்துவரிடம் கேளுங்கள். இருக்கும் இடத்தைவிடப் போகும் திசைதான் முக்கியம்.

நம் குடும்பங்களில் இன்னும் இருக்கும் இரண்டு வழக்கங்களைச் சொல்லியாக வேண்டும். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைப்பது ஒன்று. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் சிசுவின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். அரிதாக நடப்பதுதான், நடந்தால் மூச்சையே பாதிக்கும். தஹ்னீக் செய்ய விரும்புகிறவர்களுக்கு மென்று குழைத்த பேரீச்சம்பழம் இருக்கவே இருக்கிறது. விரல் கழுவி, இருமல் சளி இல்லாத ஒருவர், துளியளவு தடவினால் போதும். இன்னொன்று சுர்மா. ஊரிலிருந்தும் உம்ரா சென்ற இடத்திலிருந்தும் வாங்கி வரும் சுர்மாக்கள் பலவற்றில் ஈயம் இருப்பது சோதனைகளில் கண்டறியப்பட்ட விஷயம். குழந்தை கண்ணைக் கசக்கும், அதே விரலை வாயில் வைக்கும். ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பெரியவர்கள் போட்டுக்கொள்வது அவர்கள் விருப்பம். பச்சைப் பிள்ளைக்கு வேண்டாம் என்று மருமகள் சொன்னால், மாமியார்மார் தயவுசெய்து அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி, கண். இதைப் பற்றித்தான் நாங்கள் அதிகம் பேச நினைக்கிறோம்.

இந்த மண்டபத்தில் உள்ள பிள்ளைகளை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். எத்தனை மூக்குக் கண்ணாடி! சிங்கப்பூரில் தொடக்கநிலை ஆறை முடிக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ மூவரில் இருவருக்குக் கிட்டப்பார்வை இருக்கிறது. உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் இதுவும் ஒன்று. அரசாங்கம் 2001இலேயே இதற்கென்று தேசியத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. பள்ளியில் ஆண்டுதோறும் கண் பரிசோதிப்பது அதன் ஒரு பகுதி.

கண்ணாடி போட்டால் தெரிகிறதே, இதில் என்ன பெரிய ஆபத்து என்று சிலர் கேட்கிறார்கள். கிட்டப்பார்வை என்பது கண் விழி முன்னும் பின்னுமாக நீண்டுபோவது. வளர்ந்த ஒருவரின் கண் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளம். அது ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் கண்ணாடியில் 250, 300 டிகிரி ஏறிவிடும். நீண்ட கண் திரும்பச் சுருங்காது. பலூனை ஊத ஊத ரப்பர் மெலிவதுபோல உள்ளே இருக்கும் விழித்திரையும் மெலிகிறது. 500 டிகிரியைத் தாண்டியவர்களுக்குப் பிற்காலத்தில் விழித்திரை விலகுதல், கண் அழுத்த நோய், இள வயதிலேயே கண்புரை ஆகியவை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஏழு வயதில் தொடங்கும் கிட்டப்பார்வை பன்னிரண்டில் தொடங்குவதைவிட மோசமானது. ஏறுவதற்கு அதற்கு ஐந்து ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்துவிடுகின்றன.

காரணம் என்ன? பெற்றோர் இருவருக்கும் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடும். அது பரம்பரை. ஆனால் பரம்பரை மட்டும் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் வாழும் சீனப் பிள்ளைகளையும் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் வாழும் சீனப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். எல்லாருக்கும் ஆறு, ஏழு வயது. ஒரே இனம், பெற்றோரின் கிட்டப்பார்வையும் ஏறக்குறைய ஒரே அளவு. சிங்கப்பூர்ப் பிள்ளைகளில் 29 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. சிட்னியில் 3 விழுக்காடு. சிட்னிப் பிள்ளைகள் படிக்காமல் திரிந்தார்களா என்றால் அதுவும் இல்லை, வாரத்தில் அவர்கள் படித்த புத்தகங்கள்தான் அதிகம். பெரிய வேறுபாடு எதில் இருந்தது தெரியுமா? சிட்னிப் பிள்ளை வாரத்துக்குப் பதின்மூன்றே முக்கால் மணி நேரம் வெளியில் இருந்தது. நம்மூர்ப் பிள்ளை வெறும் மூன்று மணி நேரம்.

வெளிச்சம்தான் மருந்து. வகுப்பறை விளக்கின் ஒளி சில நூறு லக்ஸ் அளவு. வெளியே மர நிழலில்கூடப் பல ஆயிரம் லக்ஸ். அந்த வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கச் செய்து, கண் நீளுவதைக் கட்டுப்படுத்துவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கைப்பேசியைப் பிடுங்கி வைத்தால் மட்டும் போதாது என்பதற்கு இதுவே காரணம். வீட்டுக்குள் உட்கார்ந்து நல்ல புத்தகம் படிக்கும் பிள்ளைக்கும் வெளிச்சம் கிடைப்பதில்லை. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வெளியில் இருக்கட்டும் என்பது மருத்துவர்கள் இன்று சொல்லும் அளவு.

ஏற்கெனவே ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அட்ரோபின் சொட்டு மருந்து உண்டு. மிகக் குறைந்த அளவான 0.01 விழுக்காடு சொட்டு மருந்தே பலன் தருகிறது, நிறுத்திய பிறகு திரும்ப வேகமாக ஏறுவதும் அதில் குறைவு என்பதைக் காட்டிய ஆய்வு நம் சிங்கப்பூரில்தான் நடந்தது. 2012இல் வெளிவந்தது. கண் மருத்துவரிடம் கேளுங்கள். பொம்பளைப் பிள்ளைக்குக் கண்ணாடியா என்று தள்ளிப்போடுவதும், பவரைக் குறைத்துப் போட்டால் ஏறாது என்று கடைக்காரரிடம் சொல்லி வாங்குவதும் பிள்ளைக்கு நன்மை செய்யாது. கரும்பலகை தெரியாத பிள்ளை படிப்பில் பின்தங்கும். அதை மக்கு என்றும் சொல்லிவிடுவோம்.

இப்போது நம் பிள்ளையின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலை ஏழரை முதல் பிற்பகல் இரண்டு வரை பள்ளி. பிறகு துணைப்பாட வகுப்பு. பிறகு குர்ஆன் வகுப்பு. வார இறுதியில் மதரஸா. மற்ற வீட்டுப் பிள்ளைகளைவிட நம் பிள்ளைகளுக்கு ஒரு மேசை கூடுதல். அந்த மேசையின் அருமை நமக்குத் தெரியும், அதை எடுத்துவிடும்படி யாரும் சொல்லவில்லை. அது எந்த நேரத்தில் போடப்பட்டிருக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. நம் வகுப்பு திங்கள் முதல் வியாழன் வரை மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறரைக்கு முடிகிறது. வெயிலின் கடுமை தணிந்து, பிள்ளைகள் ஓடியாட ஏற்ற நேரம் அதுதான். அஸர் நேரத்தில் ஹனஃபிக்கும் ஷாஃபிக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வித்தியாசம் இருக்கலாம். வெயில் மத்ஹப் பார்த்துச் சாய்வதில்லை. இந்தத் தீவில் ஆண்டு முழுவதும் மஃரிப் ஏழு மணியை ஒட்டியே வருகிறது. நாலரை முதல் ஆறு வரை வெளியில் விளையாடிவிட்டு, ஆறுக்கு வகுப்பில் அமர்ந்து, மஃரிப் ஜமாஅத்தோடு முடித்தால், எட்டு மணிக்கு முன் பிள்ளை வீட்டில் இருக்கும். இதுதான் எங்கள் கோரிக்கை. இதன் சிக்கல்களைப் பிறகு சொல்கிறோம்.

அடுத்து, இனிப்பு. 2010ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி, 18 முதல் 69 வயது வரையிலான சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களிடையே அது 9.7 விழுக்காடு. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அறிவித்தபோது, அந்தப் போர்க்களத்தின் முன்வரிசையில் நின்றது நம் வீடுகள். வாப்பாவுக்கு ஐம்பதில் வந்தது, பேரனுக்குப் பதினைந்தில் வரக்கூடிய நிலை இன்று இருக்கிறது.

தாய்மார்கள் கவனிக்க ஓர் அடையாளம் சொல்கிறோம். பருமனான பிள்ளையின் பின்கழுத்திலோ அக்குளிலோ தோல் கறுத்து, வெல்வெட் துணிபோலத் தடித்திருந்தால் அது அழுக்கு அல்ல. சோப்பும் பீர்க்கங்கூடும் போட்டுத் தேய்த்து, ஒழுங்காகக் குளிப்பதில்லை என்று பிள்ளையைத் திட்டும் வீடுகள் உண்டு. இன்சுலினுக்கு உடல் சரியாகப் பணியவில்லை என்பதைத் தோல் நமக்குச் சொல்கிறது. தேய்ப்பதை நிறுத்திவிட்டு, பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் சென்று இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். இன்னொரு வகை நீரிழிவு ஒல்லியான பிள்ளைக்கும் திடீரென்று வரும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குவது, சாப்பிட்டும் மெலிவது ஆகியவை அதன் அறிகுறிகள். அங்கே நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

பானங்களின் மேல் ஏ, பி, சி, டி என்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2022 டிசம்பர் 30 முதல் நடப்புக்கு வந்தது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அது டி. அந்த 10 கிராம் எல்லையிலேயே உள்ள 330 மில்லிலிட்டர் டப்பா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 33 கிராம், ஆறரைத் தேக்கரண்டி சர்க்கரை. நாளுக்கு 1,600 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பு 40 கிராம், அதிலும் பாதியாக இருந்தால் நல்லது என்கிறது. ஒரே டப்பாவில் கதை முடிந்தது. நோன்புக் கஞ்சியைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வராது, அரிசியும் பருப்பும் வெந்தயமும் இறைச்சியும் சேர்ந்த நல்ல உணவு அது. அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் பாண்டுங் ஜக்கைத்தான் பார்க்கச் சொல்கிறோம். இஃப்தாருக்குத் தண்ணீரும் பேரீச்சம்பழமும் முன்னே வரட்டும், பாண்டுங் பெருநாளைக்கு வரட்டும்.

வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளிடம் இரத்தசோகையையும் பார்க்கிறோம். பிரியாணி சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பது நம் வழக்கம். உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தேநீர் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் போதும்.

நோன்பைப் பற்றி ஒரு வார்த்தை. பருவம் எய்தாத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை, பழக்கத்துக்காகத்தான் வைக்கிறது என்பதை ஆலிம்கள் இங்கே இருக்கையில் நாங்கள் விளக்க வேண்டியதில்லை. ஏழு வயதுப் பிள்ளை அரை நாள் வைத்தாலும் பாராட்டுங்கள். தலைசுற்றல், நடுக்கம், வாந்தி வந்தால் முறிக்கச் சொல்லுங்கள். பெரியம்மா பிள்ளை முப்பதும் வைத்தது என்ற ஒப்பீடு வேண்டாம். இன்சுலின் போடும் பிள்ளையாக இருந்தால், ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நோயாளிக்குத் தந்த சலுகையும் மார்க்கத்தில் உள்ளதுதான்.

தூக்கத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாமலும், பதின்ம வயதுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமலும் தூக்கம் வேண்டும். கைப்பேசி இரவில் கூடத்தில் மின்னூட்டம் ஏறட்டும். வாப்பாவின் கைப்பேசியும் பக்கத்திலேயே இருந்தால்தான் பிள்ளை ஒத்துக்கொள்ளும்.

பின்வரிசைத் தம்பி தங்கைகளுக்கு வருகிறோம். பருவ மாற்றம் பற்றி நம் வீடுகளில் பேச்சே இருப்பதில்லை. ஆனால் மதரஸாவில் ஃபிக்ஹு பாடம் நடத்தும்போது, குளிப்பு கடமையாவது எப்போது, மாதவிலக்கின் சட்டம் என்ன என்று ஆலிம் அவர்கள் வெளிப்படையாகவே சொல்லித் தருகிறார்கள். மார்க்க நூல்கள் கூச்சப்படாத விஷயத்தில் பெற்றோர் ஏன் கூச்சப்பட வேண்டும்? பெண் பிள்ளைக்கு முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே உம்மா சொல்லியிருக்க வேண்டும். ஆண் பிள்ளைக்குக் குரல் உடைவதையும் இரவில் நேர்வதையும் வாப்பா சொல்ல வேண்டும். வாப்பாவுக்கு வாய் வரவில்லை என்றால் சாச்சாவோ மாமாவோ சொல்லட்டும். யாரும் சொல்லாவிட்டால் அந்த வேலையைக் கைப்பேசி செய்துவிடும், அது எப்படிச் செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும்.

2019 முதல் உயர்நிலை ஒன்று மாணவிகளுக்குப் பள்ளி வழியாகவே ஹெச்பிவி தடுப்பூசி இலவசமாகக் கிடைக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுப்பதற்கு அது. பெற்றோர் கையெழுத்து வேண்டும். என் மகள் ஒழுக்கமானவள், அவளுக்கு எதற்கு என்று படிவத்தைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. அந்தக் கிருமி நாளை அவள் கணவர் வழியாகவும் வரலாம். அவள் ஒழுக்கத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை.

மனச் சோர்வும் அப்படித்தான். இரண்டு வாரத்துக்கு மேல் பிள்ளை நண்பர்களை விட்டு விலகி, விருப்பமானதையும் ஒதுக்கி, தூக்கமோ பசியோ கெட்டிருந்தால், ஈமான் குறைவு என்றோ கண்ணேறு என்றோ நிறுத்திக்கொள்ளாதீர்கள். துஆ செய்யுங்கள், ஓதிப் பாருங்கள், பள்ளி ஆலோசகரையும் மருத்துவரையும் சேர்த்தே பாருங்கள். காய்ச்சலுக்கு அப்படித்தானே செய்கிறோம்? வாழப் பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால், அதை விளையாட்டாக எடுக்காமல், தனியே விடாமல், அன்றே உதவி தேடுங்கள்.

இனி வகுப்பு நேரத்தின் சிக்கல்கள். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், ஐந்து மணிக்கு வகுப்பில் விட்டுவிட்டால் நிம்மதி என்கிறார்கள். நியாயம்தான். ஆறு மணி வரை பிள்ளையை யார் பார்ப்பது? உஸ்தாதுமார் இருவருக்கு மஃரிபுக்குப் பின் வேறு வகுப்பு இருக்கிறது, அவர்கள் நேரத்தையும் பேச வேண்டும். மழைக்காலத்தில் என்ன செய்வது என்று ஒரு சகோதரர் கேட்டார். மழை பெய்தால் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் விளையாடட்டும், மண்டபத்தைவிட அங்கே வெளிச்சம் அதிகம். ஹிஃப்ழு செய்யும் எட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரம் குறையக் கூடாது என்று தலைமை உஸ்தாத் சொல்கிறார். அவர்களுக்கு மட்டும் சனிக்கிழமை காலையில் கூடுதல் நேரம் தரலாம் என்பது எங்கள் கருத்து, முடிவு அவருடையது.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு நாளைக்கு மூன்று பெரியவர்கள் போதும். எதிரே உள்ள திடலில் நாலரை முதல் ஆறு வரை. நான்கு நாளைக்குப் பன்னிரண்டு பேர். ஓய்வு பெற்ற நன்னாமார் ஐந்து பேர் ஏற்கெனவே பெயர் தந்திருக்கிறார்கள், அதில் இருவர் பந்து வீசவும் தயார் என்கிறார்கள். இளைஞர் பிரிவிலிருந்து இரண்டு பேர். பெண் பிள்ளைகளோடு நிற்க மூன்று தாய்மார்களாவது வேண்டும், இன்னும் ஒருவர்கூடப் பெயர் தரவில்லை. செயற்குழு இந்தக் கோரிக்கையை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் ஐந்து பெயர்கள் சேர வேண்டும். வாசலில் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் தாள் வைத்திருக்கிறோம், பேனாவும் கட்டியிருக்கிறோம். தேநீரில் சர்க்கரை போடவில்லை, வேண்டியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.